"புரிந்தது டீச்சர்" என்று சொல்பவரை நம்பலாமா? கடினமான பாடத்தை வாசிக்கவைப்பது பற்றிய கேள்விகள்

பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடம் வாசிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஆசிரியர்களும் கேட்கிறார்கள், பெற்றோரும் கேட்கிறார்கள், சில சமயம் மாணவர்களே கேட்கிறார்கள். சில கேள்விகளுக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

கேள்வி: தடங்கல் இல்லாமல் சத்தமாக வாசிக்கிறான். என்ன வாசித்தாய் என்று கேட்டால் விழிக்கிறான். எங்கே கோளாறு?

வாசிப்பில் இரண்டு வேலை இருக்கிறது. எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்குவது ஒன்று, சொற்களைச் சேர்த்துப் பொருளாக்குவது இன்னொன்று. 1986இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே எழுதிக் காட்டினார்கள். எழுத்தறியும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழிதான்.

தமிழில் எழுத்துக் கூட்டிப் பழகிவிட்ட பிள்ளை, ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாத பத்தியைக்கூடக் கடகடவென்று வாசித்துவிடும். அந்தச் சரளத்தைக் கேட்டுப் பெரியவர்கள்தான் ஏமாந்துபோகிறோம்.

கோளாறு எந்தப் பக்கம் என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அதே பத்தியை நீங்கள் வாசித்துக்காட்டி, பிறகு கேளுங்கள். காதால் கேட்கும்போது புரிகிறது, தானே வாசித்தால் புரியவில்லை என்றால், எழுத்துக் கூட்டுவதிலேயே அவனுடைய சக்தியெல்லாம் தீர்ந்துபோகிறது. அதற்கு வேறு பயிற்சி வேண்டும். கேட்டும் புரியவில்லை என்றால், சொல்லோ பின்னணி அறிவோ வாக்கிய அமைப்போ எட்டவில்லை. கீழே உள்ளவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைக்கானவை.

கேள்வி: "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். பரீட்சையில் பார்த்தால் ஒன்றுமில்லை. பொய் சொல்கிறார்களா?

இல்லை. தங்களுக்குப் புரியவில்லை என்பது அவர்களுக்கே தெரியவில்லை. இதை முதலில் ஏற்றுக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

1979இல் எலன் மார்க்மன் என்ற உளவியலாளர் சிறுவர்களுக்குச் சில சிறு கட்டுரைகளை வாசித்துக்காட்டி, இதில் ஏதாவது குறை இருக்கிறதா சொல்லுங்கள் என்று கேட்டார். ஒரு கட்டுரையில், கடலின் அடியில் துளி வெளிச்சமும் இல்லை என்று வரும். அங்கே வாழும் மீன்கள் தங்கள் இரையை நிறத்தைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டுகொள்கின்றன என்றும் வரும். இருட்டில் நிறம் எப்படித் தெரியும்? பலர் இதைக் கேட்கவே இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிலும் நிறையப் பேர் கட்டுரை சரியாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியே புரிந்தது. ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நான் அடிக்கடி பயன்படுத்தும் வரி ஒன்று இருக்கிறது: "உயரமான மலைகளில் காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கிறது; ஆகவே அங்கே உணவு வேக அதிக நேரம் ஆகிறது." வாசித்தவுடன் எல்லோரும் "புரிந்தது டீச்சர்". சரி, தண்ணீர் சீக்கிரம் கொதித்தால் உருளைக்கிழங்கும் சீக்கிரம் வெந்துவிட வேண்டாமா, ஏன் தாமதம் என்று கேட்பேன். வகுப்பு அப்படியே அடங்கிவிடும். சிலர் புத்தகத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். ஒருவர், அச்சுப்பிழையாக இருக்குமோ என்பார்.

அந்த வரியில் 'ஆகவே' என்ற ஒரு சொல்லுக்குள் ஆசிரியர் மூன்று படிகளை மடித்து வைத்திருக்கிறார். கிழங்கை வேகவைப்பது வெப்பம், குமிழி இல்லை. திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் நீரின் சூடு கொதிநிலையைத் தாண்டி ஏறாது. சுமார் 3000 மீட்டர் உயரத்தில் அந்தக் கொதிநிலையே 90 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆக, கிழங்குக்குக் கிடைக்கும் சூடு குறைவு. இந்த மூன்றையும் வாசிப்பவர்தான் போட்டு நிரப்ப வேண்டும். நிரப்பாமல் தாண்டிப் போனாலும் வாக்கியம் "புரிந்த" மாதிரியே இருக்கும்.

அதனால் "புரிந்ததா?" என்ற கேள்வியையே நான் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, "இதில் எந்த வரி உன்னைக் கொஞ்சமாவது நிறுத்தியது?" என்று கேட்கிறேன். இதற்குத் தலையாட்டிப் பதில் சொல்ல முடியாது.

கேள்வி: ஈடுபாட்டோடு வாசி என்று சொல்கிறோம். அந்தப் பிள்ளை நடைமுறையில் என்னதான் செய்ய வேண்டும்?

அடிக்கடி நிற்க வேண்டும். பத்திக்கு ஒருமுறை நின்று, இது எதைப் பற்றிச் சொன்னது, முந்தைய பத்தியோடு எப்படி ஒட்டுகிறது, அடுத்து என்ன வரப்போகிறது என்று தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை என்றால் திரும்பிப் போக வேண்டும்.

சொல்வது சுலபம். பழக்க வேண்டுமானால் நீங்கள் வாய்விட்டு யோசித்துக் காட்ட வேண்டும். பாடத்தை வாசித்துக்கொண்டே வந்து நடுவில் நிறுத்தி, "'இதனால்' என்று போட்டிருக்கிறார், எதனால்? மேலே இரண்டு காரணம் இருந்ததே... முதலாவதாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டாவதை அவரே மறுத்துவிட்டார்" என்று உங்கள் தடுமாற்றத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன்பே தயார் செய்துகொண்டு வந்து தடுமாறுவதுபோல் நடித்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். அவ்வப்போது நீங்களும் முன்னே பார்த்திராத ஒரு பத்தியைக் கையில் எடுங்கள்.

கேள்வி: வாசிக்கத் தொடங்கும் முன் எவ்வளவு சொல்லிக்கொடுக்கலாம்? எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் வாசிக்க என்ன மிச்சம்?

சொல்ல வேண்டியது பின்னணி. சொல்லக் கூடாதது முடிவு.

பின்னணிக்கு எவ்வளவு பலம் என்பதை 1972இல் பிரான்ஸ்ஃபோர்டும் ஜான்சனும் செய்த சோதனை நன்றாகக் காட்டுகிறது. ஏதோ ஒரு வேலையின் செய்முறையை விவரிக்கும் பத்தி அது: பொருட்களைக் குவியல்களாகப் பிரியுங்கள், ஒரே தடவையில் அதிகம் போடாதீர்கள் என்று போகும். கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் கேட்டவர்களுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. இது துணி துவைப்பது பற்றி என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களுக்கு மட்டும் எல்லாம் பளிச்சென்று புரிந்தது, நினைவிலும் நின்றது. வாசித்து முடித்த பிறகு தலைப்பைச் சொன்னதால் பலன் ஒன்றும் இல்லை. நம்மில் பலர் அதைத்தான் செய்கிறோம். பாடமெல்லாம் முடிந்த பிறகு, "இது உண்மையில் எதைப் பற்றி என்றால்..." என்று ஆரம்பிக்கிறோம்.

1988இல் ரெக்ட், லெஸ்லி இருவரும் செய்த ஆய்வு இன்னொன்று. பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் வர்ணனையை ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் கெட்டிக்காரர்கள், ஆனால் ஆட்டம் தெரியாதவர்கள் ஒரு பக்கம். வாசிப்பில் மந்தம், ஆனால் ஆட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் இன்னொரு பக்கம். நடந்ததைப் பொம்மைகளை நகர்த்திக் காட்டச் சொன்னபோது இரண்டாவது கூட்டம்தான் ஜெயித்தது. "அவனுக்கு வாசிப்பே வராது" என்று முத்திரை குத்தும் முன், எதை வாசிக்கக் கொடுத்தோம் என்றும் ஒருமுறை யோசிக்கலாம்.

நடைமுறையில் ஐந்து நிமிடம் போதும். எந்தத் துறை, எந்தக் காலம், யார் யாரோடு வாதாடுகிறார், மையமான இரண்டு மூன்று சொற்களுக்கு என்ன பொருள். அப்புறம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எனக்கு இன்னும் கைவராத பாடம் அது.

கேள்வி: வாக்கியம் நாலு வரிக்கு நீள்கிறது. முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோகிறது. எப்படிப் பிரிப்பது?

தமிழ் வாக்கியத்தின் உயிர் கடைசியில் இருக்கிறது. வினைமுற்று அங்கேதான் உட்கார்ந்திருக்கும். அதற்கு முன்னே எச்சங்கள் ரயில் பெட்டிபோல் எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டு வரலாம். எனவே நீண்ட வாக்கியத்தை வாலில் பிடித்துத் தூக்கப் பழக்குங்கள். ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம்:

"விண்ணப்பித்தவர் குறித்த நாளுக்குள் கட்டணம் செலுத்தத் தவறினாலொழிய, அவருக்கு ஒதுக்கப்பட்ட இடம், வேறொருவர் அதற்கு உரிமை கோரினாலும், ரத்து செய்யப்படலாகாது."

முதலில் கடைசிச் சொல்லுக்குப் போங்கள்: ரத்து செய்யப்படலாகாது. எது? இடம். "இடம் ரத்து செய்யப்படக் கூடாது." இதுதான் எலும்புக்கூடு. இதைப் பலகையில் தனியாக எழுதிவிடுங்கள். எந்த இடம்? அவருக்கு ஒதுக்கப்பட்ட இடம். யார் அந்த அவர்? விண்ணப்பித்தவர். இவ்வளவு பிடிபட்டால் மிச்சம் இரண்டே துண்டு. "வேறொருவர் உரிமை கோரினாலும்": கோரினாலும் சரி, கோராவிட்டாலும் சரி, விஷயம் மாறாது. "தவறினாலொழிய": தவறினால் மட்டும் விஷயம் மாறும்.

இப்போது ஒரு சோதனைக் கேள்வி. இவர் கட்டணத்தை நேரத்தோடு கட்டிவிட்டார், இன்னொருவர் வந்து அந்த இடம் எனக்கு என்கிறார். இடம் போகுமா? போகாது. கட்டத் தவறினால்? போகலாம். "போகும்" என்று அடித்துச் சொல்கிற பிள்ளையை நிறுத்துங்கள், அந்த வாக்கியம் அவ்வளவு தூரம் சொல்லவில்லை. இப்படி ஒரு வாக்கியத்துக்குக் கால்மணி நேரம் செலவழிந்தாலும் நஷ்டமில்லை.

தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் பெரிய சொற்களில் இல்லை, ஒட்டுகளில்தான் இருக்கின்றன. உம், ஏ, ஒழிய, அன்றி, ஆயினும், மட்டுமே. "ஆசிரியரும் வந்தார்" என்றால் வேறு யாரோ ஏற்கெனவே வந்திருக்கிறார்கள். அந்த ஒற்றை 'உம்' அதைச் சொல்லிவிடுகிறது. "எல்லோரும் வரவில்லை" என்று எழுதினால் ஒருவர்கூட வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா என்பதைச் சூழலை வைத்துத்தான் தீர்க்க வேண்டும். இந்த வாக்கியத்தை வகுப்பில் போட்டுவிட்டு அரைமணி நேரம் சண்டை பார்க்கலாம்.

செய்யுளுக்கும் இதே வேலைதான், கூடுதலாக ஒரு படி. முதலில் புணர்ச்சியைப் பிரித்து எழுத வேண்டும். பிறகு எழுவாயையும் பயனிலையையும் தேடிச் சொற்களை இடம் மாற்றிப் பொருந்த வைக்க வேண்டும். உரையாசிரியர்கள் இதைக் கொண்டுகூட்டு என்று சொல்லி நூற்றாண்டுகளாகச் செய்துவருகிறார்கள். மாணவர் தானே ஒருமுறை பிரித்து, கூட்டிப் பார்த்த பிறகு உரையைத் திறக்கட்டும். முதலிலேயே உரையைத் திறந்தால் செய்யுளை யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை.

கேள்வி: தெரியாத சொல் வரும்போதெல்லாம் அகராதி பார்க்கச் சொல்லலாமா?

வேண்டாம். ஐந்து சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தினால் வாசிப்பே செத்துவிடும். அடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் பத்தியை முடிக்கட்டும். முடித்த பிறகு, எந்தச் சொல் தெரியாததால் பத்தியே திறக்கவில்லையோ அதை மட்டும் பார்த்தால் போதும். பாதிச் சொற்கள் அதற்குள் சூழலிலேயே அவிழ்ந்திருக்கும். ஒரு பக்கம் முழுக்கப் புள்ளியாக இருந்தால் அந்தப் பாடம் இப்போதைக்கு அந்தப் பிள்ளைக்கு இல்லை. அதே விஷயத்தை எளிதாகச் சொல்லும் வேறு ஒன்றை முதலில் கொடுங்கள்.

தெரிந்த சொல் வேறு பொருளில் வருவது இதைவிட ஆபத்து. இயற்பியலில் 'வேலை', பொருளியலில் 'தேவை', கணிதத்தில் 'சார்பு'. இவற்றுக்கெல்லாம் யாரும் புள்ளி வைக்க மாட்டார்கள்.

கேள்வி: புத்தகம் முழுக்க மஞ்சள் கோடு போட்டு வைத்திருக்கிறாள். நல்ல பழக்கம்தானே?

கை வேலை செய்கிறது. 2013இல் டன்லாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை ஆராய்ந்து தரம் பிரித்தபோது, கோடு போடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் குறைந்த பயன் தருபவை என்ற கட்டத்தில்தான் விழுந்தன. தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன.

கோட்டைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு வரிக்குத்தான் கோடு போடலாம் என்று கட்டுப்பாடு வையுங்கள். எந்த வரி என்று முடிவு செய்யவே பக்கத்தை இரண்டு தடவை எடைபோட வேண்டிவரும். ஓரத்தில் இரண்டு சொல் எழுதுவது அதைவிட நல்லது: "ஏன்?", "மேலே வேறு மாதிரிச் சொன்னாரே", "உதாரணம்".

கேள்வி: வாசித்தது மறுநாளே மறந்துபோகிறது. இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லவா?

புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். மூடிவிட்டு, நினைவில் இருப்பதைச் சொந்த வார்த்தையில் எழுதட்டும் அல்லது சொல்லட்டும். பிறகு திறந்து, விட்டுப்போனதைப் பார்க்கட்டும்.

2006இல் ரோடிகர், கார்பிக் இருவரும் இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியை மறுபடி வாசித்தவர்கள், மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் என்று இரண்டு கூட்டம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் மறுபடி வாசித்தவர்கள் முன்னால் நின்றார்கள். இரண்டு நாள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னால். மறுவாசிப்பு ஏன் இவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறது என்பதும் இதிலேயே தெரிகிறது. உடனடியாகப் பலன் தருகிறது, பரீட்சை வரைக்கும் தாங்குவதில்லை.

கேள்வி: ஒரு பிள்ளை என்றால் சரி. வகுப்பு நிறையப் பேரை வைத்துக்கொண்டு எப்படி?

நாலு நாலு பேராகப் பிரித்து அவர்களையே நடத்த விடுங்கள். 1984இல் பாலின்க்சரும் பிரவுனும் வெளியிட்ட பரஸ்பரக் கற்பித்தல் முறை இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. எழுத்துக் கூட்டத் தெரியும், ஆனால் பொருள் பிடிபடாது என்ற நிலையில் இருந்த ஏழாம் வகுப்பு மாணவர்களோடுதான் அதைச் செய்துபார்த்தார்கள். ஒரு பத்தி வாசித்ததும் நாலு காரியம்: சுருக்கமாகச் சொல்வது, ஒரு கேள்வி கேட்பது, புரியாததைத் தெளிவாக்குவது, அடுத்து வருவதை ஊகிப்பது. முதலில் ஆசிரியர் செய்துகாட்டுவார். பிறகு பத்திக்கு ஒருவராக மாணவர்கள் அந்த நாற்காலியில் உட்காருவார்கள்.

முதல் வாரம் நாடகம் போலத்தான் இருக்கும். "புரியாதது எதுவும் இல்லை" என்று வரிசையாகச் சொல்வார்கள். நான் ஒரு விதி வைத்தேன். தெளிவாக்க வேண்டிய ஒரு இடத்தையாவது சொல்லாமல் அடுத்த பத்திக்குப் போகக் கூடாது. கட்டாயத்துக்காக எதையாவது காட்டினார்கள். காட்டிய இடம் பல நேரம் உண்மையிலேயே புரியாத இடமாக இருந்தது.

புதுமை என்று சொல்வதற்கும் இல்லை. மாணவர் நூல் பயிலும் விதத்தை அடுக்கும்போது, கேட்டதை நினைத்துப் பார்ப்பது, உடன் படிப்பவரோடு பழகுவது, வினவுவது, வினவியதற்கு விடை சொல்வது என்று நன்னூல் பாயிரமும் இவற்றைத்தான் சொல்கிறது.

கேள்வி: கேள்வி கேட்கச் சொன்னால் "எந்த ஆண்டு?", "யார்?" என்றுதான் கேட்கிறார்கள்.

அவர்கள் பார்த்த கேள்வித்தாள் எல்லாம் அப்படித்தானே இருக்கிறது. விடையை வரியில் விரல் வைத்துக் காட்ட முடிந்தால் அது ஒரு வகைக் கேள்வி. இரண்டு வரிகளைச் சேர்த்தால்தான் விடை கிடைக்கும் என்றால் இன்னொரு வகை. வரியில் இல்லாததை நாம் கொண்டுவந்து சேர்த்தால்தான் கிடைக்கும் என்றால் மூன்றாவது. இந்த மூன்றையும் பிரித்துக் காட்டிவிட்டு, முதல் வகையில் ஒன்றுக்கு மேல் கூடாது என்று சொல்லிப் பாருங்கள். "ஏன்", "அப்படி இல்லாவிட்டால்", "இதை யார் மறுப்பார்கள்" என்று தொடங்கும் கேள்விகள் மெல்ல வரும்.

கேள்வி: பாடத்தை நானே விளக்கிவிட்டால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுமே?

முடியும். அடுத்த பாடத்துக்கும் நீங்கள்தான் வர வேண்டும்.

கேள்வி: திரையில் வாசிப்பது, தாளில் வாசிப்பது: எது மேல்?

பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் டெல்காடோவும் குழுவினரும் பார்த்தபோது, தகவல் சார்ந்த பாடங்களையும் நேரக் கட்டுப்பாட்டோடு வாசிப்பதையும் பொறுத்தவரை தாள் சற்று முன்னே நின்றது. கதை வாசிப்பில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. கடினமான பாடமாக இருந்தால் அச்செடுத்துக் கொடுங்கள். ஓரத்தில் எழுதவும் வசதி.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் சுருக்கம் வாங்கி வாசித்தால் என்ன?

தானே ஒருமுறை முட்டி மோதிவிட்டு, எழுதிய சுருக்கத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நல்லதுதான். எங்கே மாறுபடுகிறது, யார் சொல்வது சரி என்று மூலத்தில் தேட வேண்டும். முதலிலேயே வாங்கினால், 'ஆகவே'க்குள் இருந்த அந்த மூன்று படிகள் அங்கேயும் மடிந்தேதான் கிடக்கும்.

கேள்வி: மாற்றம் வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் மதிப்பெண்ணில் தெரியாது. முதல் சில வாரங்களில் "புரியவில்லை" என்று சொல்பவர்கள் கூடுவார்கள், வாசிக்கும் வேகம் குறையும். பெற்றோர் சிலர் பதறிப்போய் வந்து, முன்பெல்லாம் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தாளே என்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மதிப்பெண்ணுக்கு முன்னால் புத்தகத்தின் ஓரங்களைத்தான் பார்ப்பேன். மலையில் தண்ணீர் கொதிக்கும் அந்த வரியின் பக்கத்தில், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தாள்: "அப்போ குக்கர்ல தண்ணி எத்தனை டிகிரில கொதிக்கும்?" அந்தப் பாடத்தில் குக்கரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.